விசா அலுவலை யாரிடம் கொடுப்பது? மட்டக்களப்பு, அம்பாறையில் முதல் தடவை விண்ணப்பிப்பவர்களுக்கு

என் மச்சானுக்குக் கனடா விசா மறுக்கப்பட்ட விஷயம் நான்கு மாதம் கழித்துத்தான் அவருக்கே தெரியவந்தது. விண்ணப்பத்தை நிரப்பிய ஏஜென்ட் தன்னுடைய மின்னஞ்சலைக் கொடுத்து கணக்குத் திறந்திருந்தார். கடவுச்சொல்லும் அவரிடம்தான் இருந்தது. வங்கிக் கணக்குக் கூற்றில் சந்தேகம் இருக்கிறது, விளக்கம் தாருங்கள் என்று விசா அலுவலகம் அனுப்பிய கடிதம் அந்த மின்னஞ்சலுக்கே போய்ச் சேர்ந்தது. மச்சான் அதைக் கண்ணால் காணவில்லை. அந்தக் கூற்று அவருடைய வங்கி கொடுத்ததும் இல்லை. மறுப்போடு 5 வருடத் தடையும் வந்தது. பொய்த் தகவல் கொடுத்தால் கனடாவின் சட்டத்தில் அதுதான் விளைவு. பொய்யை எழுதிய கை யாருடையது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. விண்ணப்பம் முழுவதும் மச்சானின் பெயர் இருந்தது. ஏஜென்டின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

நான் மட்டக்களப்பில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ள வாகரையிலிருந்து பொத்துவில் வரை ஆட்கள் வருவார்கள். கடுதாசியைக் கொடுத்துவிட்டு, "இந்த ஆளிடம் கொடுக்கலாமா?" என்று கேட்காமல் போகிறவர்கள் குறைவு. நான் லோயர் இல்லை, விசா ஆலோசகரும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். உங்களுக்காக வேலை செய்கிறவர் தன் பெயரையும் பதிவு இலக்கத்தையும் உங்கள் விண்ணப்பத்திலோ ஒப்பந்தத்திலோ எழுதத் தயாரா என்று கேளுங்கள். தயார் என்றால் மேற்கொண்டு கதையுங்கள். மழுப்பினால் எழும்பி வாருங்கள். இதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

எந்த அலுவல், எந்த ஆள்

"வெளிநாட்டு அலுவல்" என்று நாங்கள் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் நாலைந்து வேறு வேறு அலுவல்கள். குவைத்துக்கு வீட்டுப் பணிக்குப் போவது ஒன்று. லண்டனுக்குப் படிக்கப் போவது இன்னொன்று. டொரண்டோவில் மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாகப் போவதும், கணவர் ஸ்பொன்சர் செய்து பிரான்சுக்குப் போவதும் வேறு வேறு. ஏற்கனவே போன நாட்டில் வதிவிட உரிமை கேட்டு நிற்பவரின் நிலை முற்றிலும் தனி. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான ஆள் வேறு. எங்கள் ஊர்களில் ஒரே கடையின் பெயர்ப்பலகையில் இவை அத்தனையும் எழுதியிருக்கும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வேலைக்குப் போவதென்றால் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் பெற்ற ஏஜென்சி வேண்டும். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. படிப்புக்குப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதி உதவலாம். குடும்ப ஸ்பொன்சர், மறுப்புக்குப் பிறகான விண்ணப்பம், வதிவிட உரிமை, புகலிடம் எல்லாம் போகிற நாட்டின் சட்டத்தைப் படித்து, அந்த நாட்டில் பதிவு பெற்ற ஆலோசகரின் அல்லது சட்டத்தரணியின் வேலை.

எங்கள் ஊர் சட்டத்தரணிகள் சத்தியக்கடதாசி, அற்றோணித் தத்துவம் போன்றவற்றுக்கு அவசியம். ஆனால் கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் ஆலோசனை சொல்ல அவர்களுக்கு அந்த நாட்டு அனுமதி வேறாக வேண்டும். நல்ல லோயர் அதைத் தானே சொல்லிவிடுவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடுதாசிகள் நேராக இருக்கிற, முன்பு மறுப்பு எதுவும் வராத ஒரு விசிட் விசாவுக்கு ஆலோசகர் தேவைப்படாமலே போகலாம். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஒரு மருமகள் இரண்டு பின்னேரம் உட்கார்ந்து செய்து முடிக்கக்கூடிய வேலை அது. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோருக்குக் கனடாவில் சூப்பர் விசா என்று தனி வகை இருக்கிறது. ஒரே பயணத்தில் 5 வருடம் வரை தங்கலாம். குறைந்தது ஒரு லட்சம் கனேடிய டொலருக்கு மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும், பிள்ளையின் வருமானத்தையும் காட்ட வேண்டும். இப்படி ஒரு வகை இருப்பதே தெரியாமல் சாதாரண விசிட் விசாவுக்குக் காசு கட்டியவர்கள் பலர்.

ஆளைத் தேடுவதற்கு முன் கடுதாசிகள்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். என் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் சிக்குவது இங்கேதான். எந்த நிபுணராலும் இதை உங்களுக்காகச் செய்து தர முடியாது.

முதலாவது பெயர். பிறப்புச் சான்றிதழில் கிருஷ்ணபிள்ளை, அடையாள அட்டையில் கிருஸ்ணபிள்ளை, ஆங்கிலத்தில் மூன்று விதமான எழுத்துக்கூட்டல். காத்தான்குடி, ஓட்டமாவடி, சாய்ந்தமருதுப் பக்கம் வேறு பிரச்சினை: முகம்மது என்பது ஒரு கடுதாசியில் முழுதாக இருக்கும், இன்னொன்றில் எம். என்ற ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருக்கும். இங்கே கிராம சேவகருக்கும் பதிவாளருக்கும் அது ஒரே ஆள்தான் என்று தெரியும். கடிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு அது இரண்டு ஆள். பாஸ்போட் எடுப்பதற்கு முன்பே பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். திருத்த முடியாத சிறு வித்தியாசங்களுக்கு இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிக்கலாம். பாஸ்போட் வந்த பிறகு அதிலுள்ள எழுத்துக்கூட்டலையே எல்லாப் படிவத்திலும் பாவியுங்கள். தகப்பன் பெயர் குடும்பப் பெயர்ப் பெட்டிக்குள் போய் விழுவதைப் பார்த்துப் பதறாதீர்கள். பாஸ்போட்டில் எப்படியோ அப்படியே எழுதுவதுதான் சரி.

இரண்டாவது, தொலைந்த கடுதாசிகள். 2004 சுனாமியில் நாவலடி, கல்லடி, மருதமுனை, காரைதீவுக் கரைகளில் வீடுகளோடு பெட்டிகளும் போயின. யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்கள் விட்டுவிட்டு ஓடியது வேறு. பதிவு நடந்த பிரதேச செயலகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். பிறப்பே பதியப்படாமல் உத்தேச வயதுச் சான்றிதழோடு இருப்பவர்கள் பாடசாலைச் சேர்வுப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு, தடுப்பூசி அட்டை எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள். கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்தியவர்கள் ஸ்பொன்சர் விண்ணப்பத்துக்கு முன் விவாகப் பதிவை முடியுங்கள்.

மூன்றாவது, வருமானம். படுவான்கரையில் பத்து ஏக்கர் வயல் செய்கிறவருக்குச் சம்பளச் சிட்டை இருக்காது. அதனாலேயே ஏஜென்ட் "நான் ஒரு கம்பெனிக் கடிதம் செய்து தாறேன்" என்பார். தயவுசெய்து வேண்டாம். காணி உறுதி அல்லது பெர்மிட், கமநல சேவை நிலையத்தின் கடிதம், நெல் விற்ற சிட்டைகள், அந்தக் காசு வங்கிக்குப் போன பதிவு எல்லாம் சேர்ந்தால் உண்மையான வருமானம் தெரியும். மீன்பிடிப்பவருக்கு வள்ளத்தின் பதிவுப் பத்திரம் இருக்கிறது. வட்டிக்கு எடுத்து ஒரே நாளில் வங்கியில் போட்டுக் காட்டும் காசை அதிகாரிகள் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்கள்.

பாஸ்போட்டைப் பொறுத்தவரை, பத்தரமுல்லைக்கு இரவு பஸ் ஏறுவதற்கு முன் உங்கள் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். 2023 நடுப்பகுதியிலிருந்து தெரிவு செய்யப்பட்ட பிரதேச செயலகங்களில் கைரேகை கொடுக்கலாம், விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்பலாம். வவுனியாவிலும் குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. சான்றிதழ்களுக்கு வெளிநாட்டு அமைச்சின் அத்தாட்சி தேவைப்பட்டால் கொழும்புக்குப் போகாமல் திருகோணமலையிலுள்ள கொன்சியூலர் அலுவலகத்தில் முடிக்கலாம்.

வேலைக்குப் போகிறவர்கள்

ஊருக்குள் மோட்டார் சைக்கிளில் வந்து "அக்கா, சவூதிக்கு நல்ல வீடு ஒன்று இருக்கு" என்று கதைப்பவர் பெரும்பாலும் சப் ஏஜென்ட். ஏஜென்சியின் அலுவலகம் கொழும்பிலோ குருணாகலிலோ இருக்கும். சப் ஏஜென்டுக்கு உரிமம் கிடையாது. பிரச்சினை வந்தால் அவர் தொலைபேசியை மாற்றிவிடுவார். ஆகவே அவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஏஜென்சியின் பெயரும் உரிம இலக்கமும். சம்பளம் எவ்வளவு என்ற கேள்வி அதற்குப் பிறகு.

இலக்கம் கிடைத்ததும் 1989 என்ற பணியகத்தின் துரித எண்ணுக்கு எடுங்கள். தொலைபேசியில் விளங்காவிட்டால் உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். ஏறாவூர், களுவாஞ்சிகுடி, அக்கரைப்பற்று என்று எந்தப் பிரதேசமானாலும் இந்தக் கேள்விக்குப் போக வேண்டிய இடம் அதுதான். இரண்டு விஷயம் கேளுங்கள். அந்த உரிமம் இன்றைக்கு உயிரோடு இருக்கிறதா? இந்த நாட்டுக்கு, இந்த வேலைக்கு, இந்தச் சம்பளத்துக்கு அந்த ஏஜென்சி பணியகத்திடம் ஒப்புதல் எடுத்திருக்கிறதா? இரண்டாவது கேள்வியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். உரிமம் சரியாக இருந்து, அந்த ஒப்புதல் (ஜொப் ஓடர்) இல்லாமல் காசு வாங்கிய ஏஜென்சிகளும் உண்டு.

வீட்டுப் பணிக்குப் போகும் பெண்களுக்கு ஏஜென்சியே முற்பணம் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. கடன் கழுத்தை நெரிக்கும் நேரத்தில் அது கடவுள் தந்த காசு மாதிரித் தெரியும். மருத்துவச் சோதனை முடிந்து, மனம் மாறி, போகவில்லை என்று சொன்னால் அந்தக் காசை இரண்டு மடங்காகத் திருப்பிக் கேட்டு வாசலில் நிற்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி அந்தப் பயத்திலேயே விமானம் ஏறினாள். முற்பணம் வாங்குவதென்றால் எவ்வளவு, எதற்கு, போகாவிட்டால் என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். வேலை ஒப்பந்தத்தை உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். புறப்படுவதற்கு முன் பணியகத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவு இருந்தால்தான் பணியகத்தின் காப்புறுதி கிடைக்கும். அங்கே அடி விழுந்தாலோ சம்பளம் நின்றாலோ தூதரகம் உங்கள் கோவையை எடுத்துப் பார்க்கவும் அது உதவும்.

விசிட் விசாவில் இறங்கி அங்கே வேலை தேடலாம் என்று சொன்னால் நம்பாதீர்கள். 2022இல் ஓமானுக்கு அப்படிக் கொண்டுபோகப்பட்ட எங்கள் நாட்டுப் பெண்கள் பட்ட பாடு செய்திகளில் வந்தது. கணினி வேலை என்று தாய்லாந்துக்கு அழைக்கப்பட்ட இளைஞர்கள் எல்லை தாண்டி மியன்மாரில் மியாவடியின் இணைய மோசடி முகாம்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். பதிவில்லாமல் போனவரைத் தேடுவதற்கு அரசாங்கத்திடம் ஒரு கடுதாசிகூட இருக்காது.

கொரியா வேலைக்கு ஏஜென்சியே கிடையாது. மொழிப் பரீட்சையும் பதிவும் பணியகத்தின் ஊடாக மட்டும்தான் நடக்கும். இஸ்ரேலில் பராமரிப்பு வேலைக்கும் அரசாங்கங்களுக்கு இடையிலான உடன்படிக்கை இருக்கிறது. இந்த இரண்டுக்கும் "ஆள் பிடித்துத் தாறேன்" என்று யாராவது காசு கேட்டால் அது அப்பட்டமான ஏமாற்று.

பிரித்தானியாவின் கெயார் (பராமரிப்பு) வேலைக்காக நகையை அடகு வைத்தவர்கள் எங்கள் பகுதியில் நிறையப் பேர். 2025 ஜூலை 22இலிருந்து வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கெயார் வேலையாட்களை எடுப்பதை அந்த நாடு நிறுத்திவிட்டது. இன்னும் அந்த வேலைக்கு ஸ்பொன்சர் சான்றிதழ் விற்கிறேன் என்று வருகிறவரிடம் கதையை வளர்க்க வேண்டாம். மற்ற வேலைகளுக்கும், உரிமம் பெற்ற ஸ்பொன்சர் நிறுவனங்களின் பட்டியலைப் பிரித்தானிய அரசாங்கம் இணையத்தில் வெளியிடுகிறது. கம்பெனியின் பெயர் அதில் இல்லையென்றால் விசாவும் இல்லை.

வள்ளத்தில் அவுஸ்திரேலியா போவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2013இலிருந்து அந்த நாடு கடல்வழியாக வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறது, குடியேற விடுவதில்லை. அனுமதிக்கப்பட்ட துறையல்லாத இடத்திலிருந்து நாட்டை விட்டுப் போவது இங்கே 1948ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டப்படி குற்றம். திரும்பி வந்தவர்கள் காணியையும் இழந்து நீதிமன்றப் படியும் ஏறினார்கள்.

படிக்கப் போகிறவர்கள்

மாணவர் விசா செய்யும் பெரும்பாலான நிறுவனங்கள் உங்களிடம் காசு வாங்குவதில்லை, அல்லது கொஞ்சமாக வாங்கும். பல்கலைக்கழகம் அவர்களுக்குத் தரகு கொடுக்கிறது. இதில் தவறில்லை. ஆனால் தரகு கூடுதலாக வரும் கல்லூரியை நோக்கி உங்களைத் தள்ளும் ஆசை அவர்களுக்கு இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு கதையுங்கள். "எந்தெந்தப் பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் பிரதிநிதி?" என்று கேட்டு, அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் இந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கல்விக் கட்டணத்தை ஏஜென்டின் கணக்குக்கு ஒருபோதும் போட வேண்டாம், நேராகப் பல்கலைக்கழகத்துக்கே கட்டுங்கள்.

பழைய கதையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறவர்களும் உண்டு. லண்டனில் மாஸ்டர்ஸ் படிக்கப் போனால் மனைவி பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம் என்பது 2024 ஜனவரியோடு முடிந்துவிட்டது, ஆராய்ச்சிப் படிப்புக்கும் அரசாங்கப் புலமைப்பரிசிலில் போகிறவர்களுக்கும் மட்டும்தான் அந்த வசதி மிச்சம். பிரித்தானிய மாணவர் விசாவுக்குக் காட்டும் காசு 28 நாள் தொடர்ச்சியாகக் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் மறுப்புத்தான். கனடாவில் 2023 டிசம்பரிலிருந்து கல்லூரியின் அனுமதிக் கடிதத்தைக் குடிவரவுத் திணைக்களம் அந்தக் கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்கிறது. போலிக் கடிதம் இனிச் செல்லாது. இந்த மூன்றையும் உங்கள் ஆலோசகர் தானாகச் சொல்கிறாரா என்று பாருங்கள். சொல்லாவிட்டால் அவர் புதிய விதிகளை வாசிப்பதில்லை.

கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா: பெயரைச் சரிபார்த்தல்

கனடாவுக்கு விதி தெளிவாக இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு விண்ணப்பத்துக்கு உதவ மூன்று வகையினருக்குத்தான் அனுமதி: அந்த நாட்டு மாகாணங்களில் பதிவான சட்டத்தரணிகள், கியூபெக் நொத்தாரிசுகள், குடிவரவு மற்றும் குடியுரிமை ஆலோசகர் கல்லூரியின் உறுப்பினர்கள். கல்லூரி என்றாலும் அது பாடசாலை இல்லை, ஆலோசகர்களைக் கட்டுப்படுத்தும் சபை. அதன் உறுப்பினர் இடாப்பு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பெயரைத் தட்டினால் உரிமம் நடப்பில் இருக்கிறதா, இடைநிறுத்தப்பட்டதா என்று தெரியும். உங்களுக்காக வேலை செய்கிறவர் ஐஎம்எம் 5476 என்ற படிவத்தில் தன் பெயரையும் உறுப்பினர் இலக்கத்தையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். காசு வாங்காமல் உதவும் மாமாவோ அண்ணனோகூட அதே படிவத்தில் பெயர் போடலாம். "அந்தப் படிவம் போட்டால் விசா வராது" என்று சொல்கிற ஏஜென்ட் அனுமதி இல்லாதவர். என் மச்சானிடமும் இதைத்தான் சொன்னார்கள்.

அவுஸ்திரேலியாவில் பதிவு பெற்ற குடிவரவு முகவருக்கு 7 இலக்கப் பதிவெண் இருக்கும். அதையும் இணையத்தில் தேடலாம். வெளிநாட்டிலிருந்து உதவுகிறவர் பதிவு செய்யத் தேவையில்லை என்ற ஓட்டை அந்தச் சட்டத்தில் உண்டு. ஆகவே மட்டக்களப்பில் கடை வைத்திருப்பவர் "எனக்குப் பதிவு தேவையில்லை" என்று சொன்னால் அது பொய்யாக இருக்காது. ஆனால் அவர் தவறினால் கேட்பதற்கு அந்த நாட்டில் யாரும் இல்லை. நான் பதிவுள்ளவரையே தேடச் சொல்வேன். போலிக் கடுதாசி பிடிபட்டால் அங்கே 3 வருடமும், ஆளடையாளத்தில் பொய் என்றால் 10 வருடமும் கதவு மூடப்படும். பிரித்தானியாவில் ஏமாற்றுக்கு 10 வருடம்.

பிரித்தானியாவுக்குள் இருக்கும் உறவினர்களுக்காகக் கேட்கிறவர்கள் அதிகம். அங்கே பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது குற்றம். சொலிசிட்டர், பரிஸ்டர் போன்ற சட்டத்தரணியாக இருக்க வேண்டும், அல்லது குடிவரவு ஆலோசனை அதிகாரசபையில் பதிவாகியிருக்க வேண்டும். 2025 ஜனவரி வரை அது ஓஐஎஸ்சி என்ற பெயரில் இருந்தது. பதிவில் மூன்று படிநிலை உண்டு. முதல் படியில் இருப்பவர் புகலிட வழக்கைத் தொட முடியாது. தமிழில் அன்பாகக் கதைத்து, தேநீர் தந்து, கோவையை வாங்குகிறவர் சொலிசிட்டரா, அவருடைய மொழிபெயர்ப்பாளரா என்று அங்கே இருக்கும் உங்கள் உறவினரைக் கேட்கச் சொல்லுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

சுவிஸில் 2019 மார்ச்சிலிருந்து புகலிடம் கோருகிறவர்களுக்கு அரசாங்கச் செலவிலேயே சட்டப் பிரதிநிதி கிடைக்கிறார். அப்படியிருக்க, வெளியே காசு கொடுத்துக் "கேஸ் எழுதி" வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. உண்மையில் அடிபட்ட ஒருவர், தன் கதை போதாது என்று யாரோ சொன்னதை நம்பி, இன்னொருவரின் கதையை மனப்பாடம் செய்கிறார். விசாரணையில் திகதி பிசகுகிறது. பிறகு உண்மையையும் யாரும் நம்புவதில்லை. உங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்கள். நினைவில்லாததை நினைவில்லை என்றே சொல்லுங்கள்.

முதல் சந்திப்பு

கனடா ஆலோசகரை வட்ஸ்அப் வீடியோவில் சந்தித்தாலும் சரிதான். போவதற்கு முன் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: இதுவரை விண்ணப்பித்த நாடுகள், மறுப்புகள், திகதிகள், அங்கே இருக்கும் உறவினர்கள். மறுப்பை மறைக்கச் சொல்கிறவரை நம்பாதீர்கள். கனடா, அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் கைரேகைத் தகவலைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன.

கேள்விகள் நேராக இருக்கட்டும். என் அலுவலுக்கு எந்த விசா வகை, ஏன் அது? என் பக்கத்தில் பலவீனம் எது? மறுத்தால் அடுத்தது என்ன? நல்ல ஆலோசகர் இரண்டாவது கேள்விக்குத்தான் அதிக நேரம் எடுப்பார். சிலர் அதே இடத்தில் "இப்போது விண்ணப்பிக்க வேண்டாம், ஆறு மாதம் பொறுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அப்படிச் சொன்னவருக்குக் கொடுத்த ஆலோசனைக் கட்டணம் வீணான காசு இல்லை. "நூறு வீதம் விசா நிச்சயம்" என்று பதிவுள்ள யாரும் சொல்ல மாட்டார், அவர்களுடைய நடத்தை விதியே அதைத் தடுக்கிறது. "விண்ணப்ப நிலையத்துக்குள்ளே எனக்கு ஆள் இருக்கு" என்பதும் பொய். கொழும்பில் வீஎஃப்எஸ் போன்ற நிலையங்கள் கடுதாசியையும் கைரேகையையும் வாங்கி அனுப்புவதோடு சரி. முடிவில் அவர்களுக்குப் பங்கில்லை.

காசைப் பற்றி: அரசாங்கக் கட்டணம் வேறு, ஆலோசகரின் கட்டணம் வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அரசாங்கக் கட்டணம் எவ்வளவு என்பது அந்த நாட்டின் குடிவரவு இணையத்தளத்திலேயே இருக்கும். அதை உறவினரின் அட்டையில் நீங்களே கட்டலாம். ஆலோசகரின் கட்டணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு, வங்கியில் போட்டால் நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்கு. மனைவியின் கணக்குக்குப் போடுங்கள் என்றால் போட வேண்டாம்.

ஒப்பந்தம் இல்லாமல் தொடங்காதீர்கள். என்ன வேலை, எவ்வளவு கட்டணம், மறுத்தால் எவ்வளவு திருப்பி என்று ஒரு பக்கத்தில் இருந்தாலே போதும், கீழே அவருடைய பெயரும் பதிவு இலக்கமும் இருக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

புதிதாக ஒரு மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல்லை வீட்டில் இரண்டு பேர் தெரிந்து வைத்திருங்கள். விண்ணப்பத்தில் அந்த மின்னஞ்சலும் உங்கள் தொலைபேசி எண்ணும்தான் இருக்க வேண்டும். பதிவுள்ள ஆலோசகர் தன்னுடைய கணக்கினூடாக அனுப்பும் முறையும் உண்டு. அப்படியானால் வரும் ஒவ்வொரு கடிதத்தையும் உங்களுக்கு உடனே அனுப்புவதாக ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

வெறும் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். நிரப்பிய படிவத்தை ஆங்கிலம் தெரிந்த ஒருவரோடு, ஊர்ப் பாடசாலை ஆசிரியராக இருந்தாலும் சரி, ஒவ்வொரு பதிலாக வாசியுங்கள். இல்லாத வேலை, இல்லாத தம்பி, இல்லாத வங்கி மீதி எதுவும் புகுந்திருக்கக் கூடாது. அனுப்பிய பிறகு முழுப் பிரதியையும் தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். பாஸ்போட்டை வேலை முடிந்ததும் திருப்பி வாங்குங்கள். காசு மிச்சம் என்று சொல்லி அதைப் பிடித்துவைக்கும் உரிமை எந்த ஏஜென்சிக்கும் இல்லை.

மறுப்பு வந்தால்

அதே கடுதாசிகளை அடுத்த கிழமையே திரும்ப அனுப்புவது காசை ஆற்றில் விடுவது. முதலில் காரணத்தை எடுங்கள். மறுப்புக் கடிதத்தில் சுருக்கமாகத்தான் இருக்கும். அதிகாரி எழுதிய குறிப்பைக் கனடாவில் இருக்கும் உறவினர் உங்கள் சம்மதக் கடிதத்தோடு 5 டொலர் கட்டிக் கேட்கலாம். பிரித்தானியாவிடம் உங்கள் தகவலைக் கேட்பதற்குக் கட்டணமே இல்லை. பதிவுள்ள ஆலோசகரைக் கட்டாயம் தேட வேண்டிய நேரம் இது. கால எல்லை உண்டு: கனடாவுக்கு வெளியே எடுத்த முடிவை அந்த நாட்டின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் கேள்வி கேட்க 60 நாள், பிரித்தானியாவில் நிர்வாக மீளாய்வு (முடிவைத் திரும்பப் பார்க்கும்படி கேட்பது) உள்ள விசாக்களுக்கு 28 நாள். கடிதம் வந்த திகதியைக் கலண்டரில் குறியுங்கள்.

வெளிநாட்டுப் பாஸ்போட்டில் ஊருக்கு வருகிறவர்கள்

திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் வரும் பிள்ளைகளுக்கு இணையத்தில் எடுக்கும் பயண அனுமதி போதும். 30 நாளுக்கு மேல் தங்குவதென்றால் காலம் முடியும் முன்பே குடிவரவுத் திணைக்களத்தில் நீடிப்புக் கேட்க வேண்டும், இதையும் இணையத்தில் செய்யலாம். வெளிநாட்டு மருமகன் இங்கேயே இருக்க விரும்பினால் வாழ்க்கைத்துணை வதிவிட விசாவுக்கு மகள்தான் விண்ணப்பிக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து அறுகம்பேயில் கடை நடத்துவது விசா மீறல். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள் காணி உறுதி எழுதும் முன் இரட்டைக் குடியுரிமையைப் பற்றிக் கதையுங்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது.

காசு போய்விட்டால்

வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்காதீர்கள். ஏஜென்சிக்கு உரிமம் இருந்தால் பணியகத்தில் முறைப்பாடு கொடுங்கள், அவர்கள் இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். உரிமம் இல்லாதவர் என்றால் பணியகத்துக்கும் பொலிசுக்கும் இரண்டு இடத்திலும் கொடுங்கள். லோயருக்கு வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அல்லது கல்முனை நிலையத்துக்குப் போகலாம். கனடா ஆலோசகரைப் பற்றி அவருடைய கல்லூரிக்கு, பிரித்தானிய ஆலோசகரைப் பற்றி அந்த அதிகாரசபைக்கு எழுதலாம். வட்ஸ்அப் உரையாடல், குரல் பதிவு, வங்கிச் சிட்டை, பேஸ்புக் விளம்பரத்தின் படம் எல்லாவற்றையும் அழியும் முன் பிரதி எடுத்து வையுங்கள். முறைப்பாட்டின் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மச்சான் முறைப்பாடு கொடுக்கப் போன அன்று நானும் கூடப் போனேன். பையில் ஒரு கட்டுக் கடுதாசி இருந்தது. உத்தியோகத்தர் ஒவ்வொன்றாகப் புரட்டி, "இதில் அந்த ஆளின் பெயர் எங்கே இருக்கு?" என்று கேட்டார். கடைசியில் ஒரேயொரு வங்கிச் சிட்டையில் இருந்தது. அதை வைத்துத்தான் முறைப்பாட்டைப் பதிந்தார்கள்.